காலிப் பையின் எடை என்ன?

போன தடவை ட்ரெக் போனப்போ தூக்கிட்டுப் போன பை ஞாபகம் இருக்கா? அதைக் காலி பண்ணி, உள்ளே ஒரு கர்ச்சீப்கூட இல்லாம, ஒரு தராசில் வெச்சுப் பாருங்க. 50 லிட்டர் பை என்றால் பெரும்பாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டும். அலுமினியக் கம்பி, தடியான ஸ்பாஞ்ச், எதுக்குன்னே தெரியாத பதினோரு பட்டைகள் எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோவும் வரும். சரி, அதுக்குள்ளே நீங்க வெச்சது என்ன? ஒரு போர்வை, ஒரு செட் துணி, ரெயின்கோட், ரெண்டு பாட்டில் தண்ணி, புளிசாதப் பொட்டலம். மொத்தமே ஆறு கிலோ வந்தால் அதிகம். ஆறு கிலோவைத் தூக்குவதற்காக இன்னொரு ரெண்டு கிலோவைக் காசு கொடுத்து வாங்கி, அதையும் முதுகில் ஏத்திக்கிட்டுப் போறோம். இந்த விகிதத்தை ஒரு டிசைன் ரிவ்யூவில் காட்டினால் சார் நம்மை உட்காரவே விட மாட்டார்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்தக் காலேஜை விட்டு வெளியே போறதுக்குள்ள நீங்க ஒரு மலையேற்றப் பையைத் தைக்கணும். கடையில் கொடுத்துத் தைக்கச் சொல்றதைக் கணக்கில் எடுத்துக்க மாட்டேன். நீங்களே அளந்து, நீங்களே வெட்டி, நீங்களே மெஷின் முன்னாடி உட்கார்ந்து தைக்கணும். ஒரு பொருளைக் கணக்குப் போட்டு, வடிவமைச்சு, செஞ்சு, அதையே தோளில் மாட்டி நாள் முழுக்க நடந்து பார்க்கிற வாய்ப்பு நாலு வருஷத்தில் வேற எதிலும் எனக்குக் கிடைக்கலை. உங்களுக்கும் கிடைச்சிருக்காதுன்னு நினைக்கிறேன்.

"அல்ட்ராலைட்" என்கிற வார்த்தையைக் கேட்டதும் நிறைய பேருக்கு விலை உயர்ந்த வெளிநாட்டுச் சாமான்தான் ஞாபகம் வருது. சாப்பாடு, தண்ணி, அடுப்பு எரிபொருள் தவிர மற்ற எல்லாம் சேர்ந்து பத்து பவுண்டுக்கு, அதாவது சுமார் நாலரை கிலோவுக்குள் இருக்கணும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. இதை ஆரம்பிச்சு வெச்சவங்க யாருன்னு பார்த்தால் ஆச்சரியமா இருக்கும். 1955-ல் எம்மா கேட்வுட் என்கிற அமெரிக்கப் பாட்டி, வயசு 67, பதினோரு பிள்ளைகள் பெத்தவங்க, அப்பலாச்சியன் டிரெயில் என்ற பாதையை ஜார்ஜியாவில் ஆரம்பிச்சு மெய்ன் வரைக்கும் தனியா நடந்து முடிச்சாங்க. அன்றைய கணக்கில் சுமார் 3,300 கிலோமீட்டர். அதை ஒரே பருவத்தில் தனியாக முடிச்ச முதல் பெண் அவங்கதான். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. கூடாரத்துக்குப் பதிலா குளியலறைத் திரை. முதுகில் என்ன இருந்ததுன்னா, ஜீன்ஸ் துணியில் அவங்களே தைச்ச ஒரு சாக்குப்பை. அதையும் ஒரு தோளில்தான் போட்டுக்குவாங்க.

அடுத்தவர் ரே ஜார்டின். விண்வெளித் துறையில் வேலை பார்த்த இன்ஜினியர். பாறை ஏறுகிறவர்கள் விரிசலுக்குள் செருகும் "ஃப்ரெண்ட்" என்ற கருவியைக் கண்டுபிடிச்சவர் இவர்தான். அதில் இருக்கிற கேம் லாகரிதமிக் ஸ்பைரல் வடிவம். விரிசல் சின்னதோ பெரிசோ, பிடிக்கும் கோணம் மாறாது. இவரும் மனைவி ஜென்னியும் மெக்சிகோ எல்லையில் இருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலை, 4,200 கிலோமீட்டருக்கும் மேல, மூணு தடவை நடந்திருக்காங்க. பையில் இருந்து படுக்கை வரைக்கும் தாங்களே தைச்சாங்க. 1992-ல் ஜார்டின் எழுதின கையேட்டைப் படிச்சுதான் நிறைய பேர் கம்பி வெச்ச பெரிய பைகளைத் தூக்கிப் போட்டாங்க. மூணாவது ஆள் கிளென் வான் பெஸ்கி, சிவில் இன்ஜினியர். தனக்காகத் தைச்ச பைகளைத் திருத்தித் திருத்தி ஜி4 என்ற ஒண்ணுக்கு வந்து சேர்ந்தார். அதோட பேட்டர்னை யார் வேணும்னாலும் தைச்சுக்கட்டும்னு இன்டர்நெட்டில் சும்மாவே போட்டார். அப்புறம்தான் கம்பெனி எல்லாம்.

ஒரு பாட்டி, ரெண்டு இன்ஜினியர், மூணு பேரும் தையல் தெரிஞ்சவங்க. இன்னிக்கு நிலைமை என்ன? பந்தயப் படகின் பாய்த்துணியில் இருந்து வந்த ஒரு மெட்டீரியலில் செஞ்ச பை 300 டாலரைத் தாண்டிப் போகுது. எடையைக் குறைப்பது எப்படின்னு யோசிச்ச கூட்டம், எடை குறைஞ்சதை வாங்குவது எப்படின்னு யோசிக்கிற கூட்டமா மாறிடுச்சு. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. இ.எம்.ஐ. போட்டு வாங்கின பையின் எடையை நான் வேற மாதிரி கணக்குப் போடுவேன்.

சரி, தைக்கிறதில் அப்படி என்ன இன்ஜினியரிங் இருக்குன்னு கேட்பீங்க. நான் போன செமஸ்டர் லீவில் தைச்சதை வெச்சே சொல்றேன்.

முதலில் அளவு. ரெண்டு நாள் ட்ரெக்குக்கு 27 லிட்டர் போதும்னு முடிவு பண்ணினேன். அகலம் 28 செ.மீ., ஆழம் 16 செ.மீ., உயரம் 60 செ.மீ. பெருக்கிப் பாருங்க, 27-க்குக் கொஞ்சம் கம்மியா வரும். வாயைச் சுருட்டி மூடுவதற்கு இன்னும் 15 செ.மீ. துணி. ஆழம் ஏன் 16, ஏன் 22 இல்லை? எட்டு கிலோ சுமையோட மையம் முதுகில் இருந்து 8 செ.மீ. தள்ளி இருந்தால் உங்களைப் பின்னாடி இழுக்கும் மொமென்ட் 6.4 நியூட்டன் மீட்டர். 11 செ.மீ. தள்ளினால் 8.8. அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் ஏற்றத்தில் எல்லாரும் குனிஞ்சு நடக்கிறோம். முதல் வருஷம் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் இதே கணக்கை ஒரு சுவரில் சாத்தின ஏணிக்குப் போட்டோம். ஏணி யாருக்கும் வலிச்சதில்லை.

அடுத்தது துணி. 70 டீனியர், 210 டீனியர்னு சொல்வாங்க. 9,000 மீட்டர் நூலோட எடை எத்தனை கிராமோ அதுதான் டீனியர். ஆனா கடைக்காரர்கிட்ட டீனியர் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். "பாரசூட் துணி"ன்னு கேளுங்க, எடுத்துப் போடுவார். சென்னைப் பக்கம் இருந்தால் பாரிமுனையில் ஒரு நாள் அலைஞ்சாலே துணி, பெல்ட், பக்கிள், நூல் எல்லாம் முடிஞ்சுடும். இல்லைன்னா எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியேயும் பை ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், பெல்ட்டை மீட்டர் கணக்கில் அவரே தருவார். கட்டம் கட்டமா கொஞ்சம் தடிச்ச நூல் ஓடுற துணியா பாருங்க, அதுதான் ரிப்ஸ்டாப். கிழிசல் ஆரம்பிச்சாலும் அந்தக் கட்டத்தில் வந்து நின்னுடும். எடை தெரியணும்னா கடைக்காரரை நம்பாதீங்க. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. ஒரு துண்டு வெட்டி கெமிஸ்ட்ரி லேப் தராசில் போடுங்க, வர்ற கிராமை நூறால் பெருக்குங்க, சதுர மீட்டரின் எடை கிடைச்சுடும். என் துணி கிட்டத்தட்ட சரியா ஒரு கிராம் காட்டுச்சு. ஆக சதுர மீட்டருக்கு 100. பைக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் தேவை. நூறு கிராமில் பையோட உடம்பு முடிஞ்சது!

வெட்டுறதுக்கு முன்னாடி அம்மா வந்தாங்க. எங்க அம்மா வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறவங்க. லைனிங் வெச்சால் 250 ரூபாய். என் ஸ்கூல் ஃபீஸில் பாதி அந்த மெஷினில் இருந்து வந்தது. துணியை மேஜையில் விரிச்சதும் ஒரு மூலையைப் பிடிச்சு நேரா இழுத்தாங்க, அப்புறம் குறுக்கே மூலைவிட்டமா இழுத்தாங்க. "இப்பிடிப் போட்டா நீளாது கண்ணு. கிராஸ்ல போட்டா சொமை ஏறுனதும் தொங்கிரும்"னு சொன்னாங்க. கிராஸ் கட் ப்ளவுஸ் கேள்விப்பட்டிருப்பீங்க. துணியை 45 டிகிரியில் வெச்சு வெட்டுவாங்க, அப்போதான் உடம்போட வளைவுக்கு இழுபட்டுப் படியும். நெசவுத்துணியில் பாவும் ஊடும் ஓடுற திசையில் நூல் நேரா சுமையைத் தாங்கும். 45 டிகிரியில் கட்டம் சாய்ஞ்சு ரோம்பஸ் ஆகும். ஆறாவது செமஸ்டர் காம்போசிட்ஸ் எலெக்டிவில் ஆர்த்தோட்ரோபிக் மெட்டீரியல் என்று 6×6 மேட்ரிக்ஸ் மாதிரி எதையோ போர்டு முழுக்க எழுதினாங்களே, அதுதான் இது. நான் அந்தப் பேப்பரில் நல்ல மார்க். ஆனா துணியைக் கையால் இழுத்துப் பார்த்தப்போதான் அந்த மேட்ரிக்ஸில் எந்த எண் எதுக்குன்னு உறைச்சது. அம்மாவுக்கு மேட்ரிக்ஸ் தெரியாது, முப்பது வருஷமா அதை வெட்டிக்கிட்டு இருக்காங்க.

நூல் விஷயத்திலும் அவங்கதான். "காட்டன் நூலு வேண்டாம், ஈரத்துல இத்துப் போயிரும்." பாலியஸ்டர் நூல், 16-ஆம் நம்பர் ஊசி.

இப்போ தையல். எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. சாதாரண மெஷின் போடுற லாக்ஸ்டிச்சுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. ஒரு இன்ச்சில் எத்தனை தையல், நூலோட உடையும் வலிமை, அதோட ஒன்றரை, மூணையும் பெருக்கினால் அந்த ஒரு இன்ச் தையல் தாங்கும் எடை தோராயமா வரும். என் நூலில் பாட்டிலைக் கட்டி, தண்ணி ஊத்திக்கிட்டே வந்தேன், ஒன்றரை கிலோ பக்கம் அறுந்தது. இன்ச்சுக்கு 8 தையல். ஆக 18 கிலோ. அதே துணியில் ஒரு இன்ச் அகலத்தில் ரெண்டு பட்டையை இணைச்சுத் தைச்சு, கீழே வாளியைத் தொங்க விட்டு, மக் மக்கா தண்ணி. வாளியோட சேர்த்து 16 தாண்டினதும் அறுந்தது. கணக்குக்கு எவ்வளவு பக்கத்தில்! சரி, தையலை இரட்டிப்பாக்கினால் இரட்டிப்பு பலமான்னு பார்க்க இன்ச்சுக்கு 16 வெச்சு இன்னொரு பட்டை தைச்சேன். 36 வந்திருக்கணும். 21-லேயே போயிடுச்சு. ஆனா இந்தத் தடவை நூல் அறுகலை. ஊசி போட்ட ஓட்டை வரிசையிலேயே துணி கிழிஞ்சது, தபால்தலை கிழியிற மாதிரி. ரிவெட் ஜாயின்ட்டில் "பிளேட் டியரிங்" என்று படிச்சோமே, அதை இப்படி பாத்ரூமில் ஒரு வாளியோட பார்க்கலாம். மொத்தச் செலவு ஒரு முழத் துணி.

பை எங்கே பிய்யும்? உங்க வீட்டுக் கட்டைப்பையைப் பாருங்க, கைப்பிடி வந்து சேர்ற இடத்தில்தான் எப்பவும் பிய்யும். முதுகுப்பையில் அது தோள்பட்டி மேலே சேர்ற இடம். பட்டியை நேரா துணியில் தைச்சால் சுமை முழுக்க ஆறு செ.மீ. நீளத்தில் இறங்கும். அதனால 25 மி.மீ. பெல்ட் ஒண்ணை முதுகுப்பக்கத்தின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஓட விட்டு, பட்டியோட முனையை அதுக்கும் துணிக்கும் நடுவில் செருகி, மூணு வரிசை தையல், அதுக்கு மேல கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி. சுமை 28 செ.மீ.க்கும் பரவிடும். உள்தையல் எல்லாம் ஜீன்ஸ் காலில் இருக்கிற இரட்டை மடிப்பு. இடுப்புக்கு வெறும் நாடா. முதுகுக்குக் கம்பி கிடையாது. படுக்கிற ஃபோம் மேட்டை நாலா மடிச்சு உள்ளே முதுகுப்பக்கம் வெச்சால் அதுவே சட்டகம். ஒரே பொருள் ரெண்டு வேலை பார்க்குது, பகலில் முதுகெலும்பு, ராத்திரி பாய்.

கணக்கு 280 கிராம்னு சொல்லுச்சு. தராசு 312 காட்டுச்சு, மடிப்பும் ஓர நாடாவும் அவ்வளவு சாப்பிடும். மொத்தச் செலவு 900 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. எட்டு கிலோ சுமையோட ஒரு பாறையில் இருந்து குதிச்சால் மூணு மடங்கு விசை வரும்னு வெச்சுக்கிட்டு, 24 கிலோ எம்-சாண்டைச் சாக்கில் கட்டி உள்ளே போட்டு (நம்ம கேம்பஸில் எப்பவும் எங்கேயாவது ஒரு பிளாக் கட்டிக்கிட்டேதானே இருக்காங்க) ராத்திரி முழுக்கத் தொங்க விட்டேன். காலையில் அப்படியே இருந்தது.

இதே வாரத்தில் ஹாஸ்டலில் என்னைக் கேட்ட கேள்வி: "ஏன்டா, டெய்லர் ஆகறதுக்கா இன்ஜினியரிங் சேர்ந்தே?" சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டான், ஆனா அந்தக் கேள்விக்குள்ள நிறைய இருக்கு. வெல்டிங் பண்ணினால் இன்ஜினியரிங், தைச்சால் "பொம்பளைங்க வேலை". அதே தையலுக்குக் கடை வெச்சு போர்டு மாட்டினால் மட்டும் ஆம்பளை, அவருக்குப் பேரு "மாஸ்டர்". 1969-ல் நிலாவில் இறங்கினவங்க போட்டிருந்த உடையைத் தைச்சது பிளேடெக்ஸ் உள்ளாடை தயாரிச்ச ஐ.எல்.சி. கம்பெனியின் தையல் பெண்கள். உங்க காரில் இருக்கிற ஏர்பேக்கும் தையல்தான். உலகத்துக்கே பனியன் தைச்சுக் கொடுக்கிற திருப்பூர் இருக்கிற மாநிலத்தில், இன்ஜினியரிங் படிக்கிற பையனுக்குப் பாபின் மாத்தத் தெரியாதுங்கிறதை நாம ஒரு பெருமையா வெச்சிருக்கோம்.

முதல் வருஷ இன்ஜினியரிங் பிராக்டிஸஸ் லேபில் மரவேலை உண்டு, பிளம்பிங் உண்டு, வெல்டிங் உண்டு, தகர வேலை உண்டு. நல்லதுதான். ஆனா அந்த டி-ஜாயின்ட் எங்கேன்னு இப்போ கேட்டால் யாருக்குத் தெரியும்? மார்க் போட்டதும் குப்பைக்குப் போச்சு. யூ.டி.எம்.-ல் கம்பி உடையிறதை இருபது பேர் எட்டிப் பார்க்கிறோம், ரீடிங் சீனியர் ரெக்கார்டில் இருந்து வருது. ஃபைனல் இயர் புராஜெக்ட் பல காலேஜில் புராஜெக்ட் சென்டரில் இருந்து வருது, ரிப்போர்ட்டும் பி.பி.டி.யும் சேர்த்து ஒரு பேக்கேஜ். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. இதில் எதையுமே நாம யாரும் உபயோகிக்கப் போறதில்லை என்பதுதான் சிக்கல். தையல் அறுந்தால் என் சாப்பாடு மலைச்சரிவில் உருளும்னு தெரிஞ்சு தைக்கிறப்போ, ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியை யாரும் சும்மா "2 என்று கொள்க"ன்னு எழுத மாட்டாங்க.

அதனால கோரிக்கை இதுதான்: ஒர்க்‌ஷாப்பில் ரெண்டே ரெண்டு தையல் மெஷின். புது லேப் எதுவும் வேண்டாம். டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் இருக்கிற காலேஜ் என்றால் அங்கே ஏற்கனவே வரிசையா நிக்குது, சனிக்கிழமை மத்தியானம் கதவைத் திறந்து விட்டால் போதும். சொல்லித் தர ஆள் வேணுமா? காலேஜ் கேட்டுக்கு எதிரே பேன்ட் ஆல்டர் பண்றவரை மணிக்கு இவ்வளவுன்னு கூப்பிடுங்க. கெஸ்ட் லெக்சர்னு யார் யாரையோ கூப்பிட்டுச் சால்வை போடறோம். அவருக்கும் ஒண்ணு போடலாம்.

மறுப்பு இருக்கும், தெரியும். "நேரம் ஆகும்." ஆகும். எனக்கு ஒன்பது நாள் ஆச்சு, தினமும் ரெண்டு மணி நேரம். "கடைப் பை இன்னும் சொகுசு." பத்து கிலோவுக்கு மேல தூக்கறீங்கன்னா நிச்சயமா. கம்பி இல்லாத பை அந்த எடையில் பீப்பாய் மாதிரி உருண்டுடும், தோள் போயிடும். இடுப்புக்குச் சுமையைக் கடத்த சட்டகம் வேணும். இமயமலைக்குப் பத்து நாள் போறவங்க என் பேச்சைக் கேட்டுப் போகாதீங்க. ஆனா நாம போறது எங்கே? 2024 அக்டோபரில் வனத்துறை ஆரம்பிச்ச "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தில் 40 பாதைகள் இருக்கு. குரங்கணித் தீ விபத்துக்கு அப்புறம் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாம காட்டுக்குள்ள போற எண்ணமே யாருக்கும் வரக்கூடாது, அதனால இந்த மாதிரிப் பாதைகள்தான் நமக்கு. ஒரு நாள் நடைக்கு 15 லிட்டர் போதும், அதை ஒரு வார இறுதியில் தைச்சுடலாம். இன்னொண்ணு, எடை குறைக்கிறேன்னு ரெயின்கோட்டையும் முதலுதவிப் பொருளையும் டார்ச்சையும் விட்டுட்டுப் போறவன் அல்ட்ராலைட் ஆள் கிடையாது, மத்தவங்களுக்குச் சுமை.

தைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா முதலில் முதுகை அளங்க. தலையைக் குனிஞ்சால் கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டும், அங்கே ஆரம்பிச்சு இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரைக்கும். என் பேட்டர்ன் 46 செ.மீ. முதுகுக்கு வரைஞ்சது, நாலு சார்ட் பேப்பர், ஹாஸ்டல் ரூமில் சுருட்டி வெச்சிருக்கேன். மே மாசம் வரைக்கும் யார் வேணும்னாலும் வந்து டிரேஸ் எடுத்துக்கலாம். உங்க முதுகு குட்டைன்னா தோள்பட்டி உட்காரும் கோட்டை அந்த அளவுக்குக் கீழே இறக்குங்க, மத்ததை மாத்த வேண்டாம். பென்சிலும் ஸ்கேலும் எடுத்துட்டு வாங்க. பேப்பர் வெட்ட என்கிட்ட இருக்கிற கத்தரியை மட்டும் கேட்காதீங்க. அது அம்மாவோடது, பேப்பர் வெட்டினால் முனை மழுங்கிடும்.